பின்சீட்டுக்காரர் கடைக்கு வருவதில்லை

பெங்களூரில் காலையில் பைக்கை எடுத்து, ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி தாண்டி, தொப்பூர் கணவாயை இறங்கி முடிக்கும்போது சுமார் 160 கிலோமீட்டர் ஆகியிருக்கும். மூன்று மணி நேரம். சீட் சரியில்லாதவருக்கு இடுப்பு பேச ஆரம்பிக்கும் நேரமும் அதுதான். நான் இந்த அடிவாரத்தில் கடை போட்டபோது இதையெல்லாம் கணக்குப் பண்ணிப் போடவில்லை. வாடகை குறைவு, லாரி நிற்கும் இடம், அவ்வளவுதான். ஆனால் சீட் தைப்பவனுக்கு இதைவிடத் தோதான இடம் கிடைக்காது என்று போகப்போகத் தெரிந்தது. டவுனில் கடை வைத்திருப்பவர் தான் தைத்த சீட்டைப் புதுசாக, வாசலில் நிற்கும்போது பார்ப்பதோடு சரி. எனக்கு அப்படியில்லை. யார் யாரோ எங்கெங்கோ தைத்த சீட்டெல்லாம், மேலே உட்கார்ந்தவரின் முகத்தோடு சேர்ந்து, கணவாய் இறங்கி என் கடை முன்னால் வந்து நிற்கிறது.

தொழில் கற்றது சேலத்தில், ஒரு லாரி குஷன் மேஸ்திரியிடம். அப்போது இந்தத் தேசிய நெடுஞ்சாலைக்கு ஏழாம் நம்பர். 44 என்று மாறியது பின்னால். லாரி சீட் என்றால் தேங்காய் நார், அதன் மேல் சாக்கு, கொஞ்சம் பஞ்சு, மேலே ரெக்சின். நான் புதுப் பையன். ஸ்பாஞ்சு வந்த புதிது. டிரைவர்களுக்கு நல்லது செய்வதாக நினைத்து, இரண்டு அடுக்கு ஸ்பாஞ்சு வைக்கலாமா என்று கேட்டேன். பம்பாய் லைன் ஓட்டும் ஒரு டிரைவர் சிரித்தார். “மெத்தை வீட்ல இருக்குதுப்பா. எனக்குப் பலகையாட்டம் குடு. மேல ஒரு துணி இருந்தாப் போதும்.”

அவர் போனபிறகு மேஸ்திரி விளக்கினார். உட்காரும்போது உடம்பின் பாரத்தில் பெரும்பகுதி இடுப்புக்குக் கீழே இருக்கும் இரண்டு எலும்பில்தான் இறங்குகிறது. கெட்டியான சீட் அந்த எலும்பைத் தாங்கிப் பிடிக்கும். மெத்தென்ற சீட்டில் எலும்பு உள்ளே போய்க்கொண்டே இருக்கும். அடித்தகட்டைத் தொடும்வரை போகும். அதற்குள் சுற்றியிருக்கும் சதையெல்லாம் அழுந்தி, ரத்தம் ஓடாமல் மரத்துப் போகும். முதல் ஐந்து நிமிஷம் சொர்க்கம். ஒரு மணி நேரம் கழித்து எழுந்து நின்று தேய்த்துக்கொள்ள வேண்டியதுதான். பைக் சீட்டுக்கு நான் வந்தது பிறகு. வந்ததும் தெரிந்தது, லாரிக்காரர்களுக்குத் தெரிந்த இந்த விஷயம் பைக் வாங்கும் ஆட்களில் முக்கால்வாசிப் பேருக்குத் தெரியாது என்று. இன்றைக்கும் கடைக்கு வருகிறவர் முதலில் செய்வது சீட்டைக் கட்டை விரலால் அமுக்கிப் பார்ப்பது. விரல் உள்ளே போனால் முகம் மலர்கிறது. விரலுக்கு ஐம்பது, அறுபது கிலோ எடை கிடையாது.

எண்பதுகளில் இந்தப் பக்கம் ஓடியது ராஜ்தூத், எஸ்டி, புல்லட். 1980-இல் ஓசூரிலிருந்து டிவிஎஸ் 50 வந்தது. 85-இல் ஹீரோ ஹோண்டா சிடி 100, யமஹா ஆர்எக்ஸ் 100. சீட் எல்லாம் நீளமாக, தட்டையாக இருக்கும். புருஷன், பெண்டாட்டி, நடுவில் ஒரு குழந்தை, டேங்கின் மேல் ஒரு குழந்தை. சட்டம் என்ன சொன்னாலும் குடும்பம் அப்படித்தான் போனது. அந்தக் காலத்து சீட்டுக்கு அடியில் இரும்புத் தகடு. ஓரத்தில் பல் பல்லாக இருக்கும். ரெக்சினை இழுத்து மாட்டி அந்தப் பல்லைச் சுத்தியலால் மடக்க வேண்டும். துருப்பிடித்த பல் இரண்டு முறை மடக்கினால் ஒடிந்துவிடும். இப்போது பிளாஸ்டிக் பேஸ். ஸ்டேப்ளர் கன்னை வைத்துப் பின் அடித்தால் முடிந்தது.

அப்போது வருகிறவர் கேட்பது ஒன்றே ஒன்று: “கிழியக் கூடாது.” சுகமா என்று யாரும் கேட்டதில்லை, ஸ்டைலா என்றும் அதிகம் கேட்டதில்லை. கொஞ்சம் ஆசைக்காரர் என்றால் சிவப்புப் பைப்பிங் வைக்கச் சொல்வார், பின்னால் பிள்ளை பெயரைத் தைக்கச் சொல்வார். அந்தத் தட்டை சீட்டில் ஒரு வசதி இருந்தது. அது போனபிறகுதான் அதன் அருமை தெரிந்தது. சேலை கட்டிய பெண் ஒரு பக்கமாக உட்கார்ந்தால் வழுக்காது. முன்னும் பின்னும் சமமாக இருந்ததால் ஓட்டுபவரும் தன் உயரத்துக்குத் தகுந்தபடி நகர்ந்து உட்கார்ந்துகொள்ளலாம். நீண்ட தூரத்தில் இடம் மாற்றி உட்கார முடிவதே பாதி மருந்து.

2001-இல் பல்சர் வந்தபோது பையன்களின் பார்வை மாறியது. வண்டி போய்ச்சேரும் சாமானாக மட்டும் இல்லாமல், நிறுத்திவைத்துப் பார்க்கும் சாமானாகவும் ஆனது. 2011-இல் ஆர்15-இன் இரண்டாவது மாடல் பின்சீட்டைத் தனியாகப் பிரித்து மேலே தூக்கிக்கொண்டு வந்தது. அடுத்த வருஷம் டியூக் 200. இரண்டும் நல்ல வண்டிகள்தான், குற்றம் சொல்லமாட்டேன். ஓட்டுபவரை முக்கியமாக நினைத்து உருவான வண்டிகள் அவை. பிரச்சினை, அந்த வண்டியை வாங்க முடியாதவர்கள் அந்த சீட்டை மட்டும் வாங்க ஆசைப்பட்டதில் ஆரம்பித்தது. ஸ்பிளெண்டரையும் டிஸ்கவரையும் கொண்டுவந்து நிறுத்தி, செல்போனில் படம் காட்டுவார்கள். “அண்ணா, பின்னாடி இப்படித் தூக்கிக் குடுங்கணா.”

தூக்கிக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதைக் கணவாய் சொல்லும். தருமபுரிப் பக்கமிருந்து வருகிறவருக்குத் தொப்பூர் முழுக்க இறக்கம். லாரி கட்டுப்பாடு இழந்து இடிக்கும் செய்திகளில் இரட்டைப் பாலம், கட்டமேடு என்று பேப்பரில் பெயர் அடிபடும் இடம் அது. டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் லாரியை விடும் டிரைவர்களுக்குப் பயந்து எல்லாரும் அடிக்கடி பிரேக் போட்டுத்தான் இறங்க வேண்டும். பின்சீட் முன்பக்கம் சரிந்திருந்தால் ஒவ்வொரு பிரேக்குக்கும் பின்னால் இருப்பவர் ஓட்டுபவர் முதுகில் வந்து விழுவார். ஓட்டுபவர் டேங்கில் போய் முட்டுவார். அவர் இரண்டு கையையும் ஹேண்டிலில் ஊன்றி, இரண்டு பேர் எடையையும் மணிக்கட்டில் தாங்கிக்கொண்டு வளைவைத் திருப்ப வேண்டும். சமதரையில் இது சிரமம், கணவாயில் ஆபத்து.

நல்லம்பள்ளிப் பக்கத்துப் பையன் ஒருவன் இப்படி ஒரு சீட் போட்டிருந்தான். நான் தைத்தது இல்லை, வேறு ஊரில் போட்டது. பார்க்க அழகாகத்தான் இருந்தது: கறுப்பு ரெக்சின், சிவப்பு நூலில் டயமண்ட் தையல், பின்பக்கம் கத்தி மாதிரி கூர். ஒருநாள் அம்மாவை ஏற்றிக்கொண்டு வந்தான். சேலத்தில் டாக்டரைப் பார்க்கப் போகிறார்கள். பஞ்சர் பார்க்க என் பக்கத்துக் கடையில் நிறுத்தினான். அந்த அம்மா இறங்கி, நேராக என் கடைத் திண்ணையில் வந்து உட்கார்ந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டார். தொங்கவிட்டிருந்த பழைய சீட்களைப் பார்த்துவிட்டு, “ஏம்ப்பா, நீ சீட்டு தைக்கறவனா?” என்றார். ஆமாம் என்றேன். “எங்க வண்டிக்கு ஒரு பலகையாச்சும் வெச்சுத் தெச்சுக் குடு. வழுக்கி வழுக்கி எம்புள்ள முதுவுலயே வந்து வுழறேன். பொடிசுல நான் அவன முதுவுல தூக்குனேன், இப்ப அவன் என்னத் தூக்கறான்.” பையன் கேட்டு வெட்கப்பட்டான். “அம்மா சொல்லவே இல்லணா” என்றான். எந்த அம்மாதான் சொல்வார்? புது வண்டி, ஆசையாகப் போட்டிருக்கிறான் என்று வாயை மூடிக்கொண்டு வந்திருக்கிறார்.

அந்த சீட்டில் நான் செய்தது பெரிய வேலை இல்லை. பின்பகுதியின் சரிவில் ஆப்பு வடிவில் ஒரு துண்டு கெட்டி ஃபோம் வெட்டி ஒட்டி, மேல்பரப்பைச் சமமாக்கினேன். வழவழ ரெக்சினை எடுத்துவிட்டு, சொரசொரப்பான மேட் ரெக்சின் போட்டேன். கழற்றிப் போட்டிருந்த பின்கம்பியைத் தேடி எடுத்துவந்து மாட்டச் சொன்னேன். பக்கவாட்டில் இருந்து பார்த்தால் கூர் அப்படியே இருந்தது, பையனுக்கும் குறையில்லை. ஸ்டைலுக்கும் சுகத்துக்கும் சண்டை என்று பொதுவாகப் பேசுகிறார்கள். வெளிக்கோடு கண்ணுக்கு, மேல்தளம் இடுப்புக்கு. இரண்டும் ஒரே சீட்டில் இருக்க இடம் உண்டு. தைப்பவன் கொஞ்சம் மெனக்கெட வேண்டும், கேட்பவர் எது எதற்கு என்று தெரிந்து கேட்க வேண்டும்.

பின்னால் இருப்பவர் பிடித்துக்கொள்ளும் அந்தப் பின்கம்பி பற்றி ஒரு வார்த்தை. பின்னால் உட்காருபவருக்கு வண்டியில் சரியாகப் பொருத்திய சீட் இருக்க வேண்டும் என்று 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 128-ஆவது பிரிவு சொல்கிறது. கைப்பிடியும் கால்மிதியும் பின்சக்கரத்தில் பாதியையாவது மறைக்கும் தடுப்பும் வேண்டும் என்று 1989 விதிகள். ஸ்டைலுக்காக முதலில் கழற்றப்படுபவை இந்த மூன்றும்தான். கழற்றிக் கொடு என்று கேட்டு வந்தால் நான் செய்வதில்லை. வியாபாரம் போகும், போகட்டும்.

கஃபே ரேசர் என்ற பைத்தியம் கொஞ்ச வருஷம் ஆட்டிவைத்தது. 2013-இல் ராயல் என்ஃபீல்ட் கான்டினென்டல் ஜிடி வந்தபிறகு, பழைய ஆர்எக்ஸ், பழைய புல்லட் எல்லாவற்றையும் பின்னால் வெட்டி, இரண்டு விரல் தடிமனில் சின்ன சீட் கேட்டார்கள். பெங்களூரில் ஐடி வேலை பார்க்கும் ஒரு தம்பிதான் எனக்கு அதன் கதையைச் சொன்னார். ஐம்பது, அறுபதுகளில் லண்டன் பையன்கள் ஏஸ் கஃபே மாதிரி ரோட்டோரக் கடையிலிருந்து கிளம்பி, வேகமாக ஒரு சுற்று ஓட்டிவிட்டு வருவார்களாம். அந்த ஓட்டத்துக்குத்தான் அந்த மெல்லிய சீட். அதாவது டீக்கடையிலிருந்து டீக்கடைக்குப் போக. கேட்டதும் எனக்கு எல்லாம் விளங்கிப்போனது. “தம்பி, நீங்க அதுல பெங்களூர்ல இருந்து ஏற்காடு போறீங்களே” என்றேன். “அதனாலதாண்ணா உங்க கடையில நிக்கறேன்” என்றார்.

இதற்கு நேர் எதிரான ஆட்களும் இந்த ரோட்டில் போகிறார்கள். இருபத்து நான்கு மணி நேரத்தில் ஆயிரம் மைல், அதாவது 1,600 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிக் காட்டுகிற கூட்டம். அமெரிக்காவில் இருக்கும் அயர்ன் பட் சங்கம் அதற்குச் சான்றிதழ் தருகிறது. அவர்கள் வண்டியில் சீட் எப்படி என்று ஆர்வமாகப் பார்ப்பேன். பெரும்பாலும் அழகாக இருக்காது. அகலமாக, தட்டையாக, கெட்டியாக இருக்கும். சிலர் மேலே காற்றடைத்த குஷன் போட்டிருப்பார்கள். அதிலும் ஒரு சூட்சுமம் உண்டு: நிறையக் காற்று அடைத்தால் பந்தின் மேல் உட்கார்ந்த கதைதான். எலும்பு அடித்தளத்தைத் தொடாமல் இருக்கிற அளவுக்கு மட்டும் காற்று போதும்.

வேலை எப்படி நடக்கிறது என்று கொஞ்சம் சொல்கிறேன். யாராவது இடுப்பு வலி என்று வந்தால், முதலில் நான் ஆளைப் பார்ப்பதில்லை, பழைய சீட்டைப் பார்க்கிறேன். ரெக்சின் எங்கே பளபளவென்று தேய்ந்திருக்கிறது, எங்கே தையல் விட்டிருக்கிறது என்பதில் எல்லாம் தெரிந்துவிடும். டேங்குக்குப் பக்கத்தில் தையல் இழுத்துக்கொண்டு நின்றால் ஆள் முன்னால் வழுக்குகிறார். சீட்டின் முன்பகுதியைக் கொஞ்சம் தூக்க வேண்டும். ஒரே பக்கம் தேய்ந்திருந்தால் சீட் கோணலாக உட்கார்ந்திருக்கிறது, இல்லை ஆள் கோணலாக உட்காருகிறார். நடு மட்டும் குழிந்திருந்தால் ஃபோம் செத்துவிட்டது.

ஃபோமை டென்சிட்டி பார்த்து வாங்க வேண்டும். ஒரு கன மீட்டர் ஃபோம் எத்தனை கிலோ என்பதுதான் அந்த நம்பர். சோபாக்காரர்களிடம் மிஞ்சியதை 40 டென்சிட்டி என்று சொல்லி விற்பவர்கள் உண்டு; எடை போட்டால் குட்டு வெளிப்படும். துண்டுத் துகள்களை அழுத்திச் செய்த ரீபாண்ட் ஃபோம் அடியில் போடலாம், மேலே போட்டால் குத்தும். கம்பெனி சீட்டின் ஃபோம் அச்சில் ஊற்றி ஒரே கட்டியாக வருவது. முடிந்தவரை அதை வெட்டாமல், தேவையான இடத்தில் மட்டும் சீவி, மேலே சேர்ப்பேன். ஹேக்ஸா பிளேடால் அறுத்து, கிரைண்டரில் இழைத்து வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும். ஒட்டும் சொல்யூஷனை ஓரத்தில் மட்டும் தடவுவேன். எலும்பு படும் இடத்தில் சொல்யூஷன் காய்ந்தால் அங்கே ஒரு கட்டியான பட்டை விழும்; நூறு கிலோமீட்டரில் அது உறுத்த ஆரம்பிக்கும். ஆறு மாசத்தில் “சீட்டுக்குள்ள என்னவோ இருக்குது” என்று வரும் வண்டிகளைப் பிரித்தால் பெரும்பாலும் இதுதான்.

டயமண்ட் தையலைப் பற்றியும் சொல்ல வேண்டும். இப்போது கார் சீட் மாதிரி பைக்கிலும் கட்டம் கட்டமாகத் தையல் கேட்கிறார்கள். அழகு, மறுக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு தையலும் ஒரு ஓட்டை. மழை பெய்தால் தண்ணீர் அந்த ஓட்டை வழியாக இறங்கி ஃபோமில் தங்கிவிடும். மேலே துடைத்துவிட்டுக் காய்ந்த சீட் என்று உட்காருவார். உடம்பின் எடை விழுந்ததும் உள்ளே இருக்கும் தண்ணீர் மேலே வந்து பேண்டை நனைக்கும். ஆபீசுக்குப் போகிறவர் பாடு திண்டாட்டம். அதனால் கட்டம் கேட்பவர்களுக்கு உட்காரும் இடத்தை வெறுமையாக விட்டு, பக்கவாட்டில் மட்டும் போட்டுத் தருகிறேன். அதற்கும் அடியில் பாலிதீன் ஷீட் வைக்கிறேன். ரோட்டில் நிற்கும்போது கண்ணில் படுவது பக்கவாட்டுதானே.

உயரம் இன்னொரு தலைவலி. சுகம் வேண்டும் என்று ஒரு இஞ்ச் ஃபோம் ஏற்றச் சொல்வார்கள். 785 மில்லிமீட்டர் உயரமுள்ள ஸ்பிளெண்டரில் ஒரு இஞ்ச் ஏற்றினால் இப்போதைய கிளாசிக் 350-இன் 805-ஐயே தாண்டிவிடும். குள்ளமானவருக்குக் கால் எட்டாது. கணவாயில் ஒரு லாரி சாய்ந்துவிட்டால் மணிக்கணக்கில் டிராஃபிக் நிற்கும். இறக்கத்தில், சாய்ந்த ரோட்டில், பின்னால் ஆளை வைத்துக்கொண்டு நுனிக்காலில் நிற்பது எத்தனை கஷ்டம் என்று நின்றவருக்குத் தெரியும். இதற்கு சீட்டின் உயரத்தைக் குறைக்க வேண்டாம். தொடை படும் இரண்டு ஓரத்தையும் சீவி ஒடுக்கினால் கால் நேராகக் கீழே இறங்கும். பின்னால் அகலம், முன்னால் ஒடுக்கம். இதைப் பார்த்து “என்னணா சீட்டச் சின்னதாக்கிட்டீங்க” என்று சண்டைக்கு வந்தவர்கள் உண்டு.

என்னைக் கேட்டால், இந்தப் பக்கம் ஓடும் வண்டிகளில் புத்திசாலித்தனமான சீட் டிவிஎஸ் எக்ஸ்எல்லில்தான் இருக்கிறது. பின்சீட்டைக் கழற்றினால் தக்காளிக் கூடை, பால் கேன், மாட்டினால் வீட்டுக்காரம்மா. அதை யாரும் என்னிடம் ஸ்டைலாக மாற்றிக் கேட்டதில்லை.

ரெடிமேட் சீட் ஆன்லைனில் வர ஆரம்பித்ததிலிருந்து தையல் வேலை குறைந்து, திருத்தல் வேலை கூடியிருக்கிறது. பார்சல் பிரித்த அன்றைக்கே கொண்டுவருகிறார்கள். பூட்டுக் கொக்கி பொருந்தாது, டேங்குக்கும் சீட்டுக்கும் நடுவில் விரல் போகும் இடைவெளி இருக்கும், அடி பேஸில் ரப்பர் புஷ் இருக்காது. கம்பெனிகளே தனியாக விற்கும் டூரிங் சீட்கள் பொருத்தத்தில் பரவாயில்லை, விலைதான் கூட. ஜெல் பேடுக்கும் நல்ல பெயர் இருக்கிறது. வெயிலில் நிறுத்திய வண்டியில் ஜெல் சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சித்திரை மாசம் தருமபுரி வெயிலில் மதியம் அதில் உட்கார்ந்து பார்த்தவர் மறுபடி கேட்கமாட்டார். அதைவிட ஒரு சாதாரண நெட் கவர் மேல்.

இன்னொன்று. எல்லா வலிக்கும் சீட் காரணமில்லை. ஹேண்டில் எட்டவில்லை என்றால் முதுகு வலிக்கும், கால்மிதி பின்னால் இருந்தால் முட்டி வலிக்கும். அப்படி வருகிறவர்களை மெக்கானிக்கிடம் அனுப்பிவிடுகிறேன். சீட்டை மாற்றிக் காசு வாங்கலாம்தான். ஒரு வாரத்தில் அதே வலியோடு வந்து நிற்பார்கள்.

ஃபோம் வெட்டி முடித்ததும் நான் உடனே கடைசித் தையல் போடமாட்டேன். ரெக்சினை மேலே இழுத்து நாலைந்து பின் மட்டும் அடித்து, “பாளையம் டோல்கேட் வரைக்கும் ஏறிப்போய் இறங்கி வா” என்று அனுப்புவேன். பைக்குக்கு அங்கே காசு கிடையாது. பின்னால் ஆளோடு போய்விட்டு வந்து சொல்வதை வைத்துத்தான் சீவுவதும் சேர்ப்பதும். கடையில் உட்கார்ந்து “சூப்பர்ணா” என்றவரே இறங்கிவந்து “முன்னாடி கொஞ்சம் இடிக்குதுணா” என்பார்.

ஆகையால் சீட் மாற்ற நினைப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். எந்த ஊர்க் கடைக்குப் போனாலும், படத்தைக் கொண்டுபோவது போல, பின்னால் உட்காரப்போகிறவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். சேலையோடு ஒரு பக்கமாக உட்காருபவர் என்றால் சேலையோடே வரட்டும். தைக்கும் முன் ஒரு மணி நேரமாவது ஓட்டிப்பார்க்க விடாத கடையில் காசு கொடுக்காதீர்கள். வேலை முடிந்ததும், கழற்றிய கம்பெனி சீட்டைக் கடையில் விட்டுவிடாமல் கையோடு வாங்கிக்கொண்டு போய்ப் பரணில் போட்டுவையுங்கள்.